பிள்ளைகளோடு ஒரு கப்பற் பயணம்

வெளிநாட்டில் வாழும் மக்களையோ உடன்பிறந்தாரையோ கண்டு வரச் செல்லும் பெரியோர் இன்று நம் பங்குகளில் பலர் உளர். அவ்வாறு சென்ற இடத்தில் குடும்பத்தாரோடு உல்லாசக் கப்பலில் ஏறி நான்கு நாள் கடலில் உலவி வரும் வாய்ப்பும் சிலருக்குக் கிட்டுகிறது. எனக்கு அது 2024-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் கிட்டிற்று. கண்ட காட்சிகளை மட்டுமன்று, அப்பயணத்தில் எங்கள் குடும்பம் கற்றுக்கொண்ட ஒரு பாடத்தையும் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். வளர்ந்த பிள்ளைகளை உடைய பெற்றோர்க்கு அது பயன்படக்கூடும்.

என் தம்பி அமெரிக்காவில் குடியேறி இருபத்தைந்து ஆண்டுகள் ஆகின்றன. அவனுக்கு மக்கள் மூவர். மூத்தவனுக்கு வயது பத்தொன்பது. கல்லூரியில் ஓராண்டு முடித்துவிட்டு விடுமுறைக்கு வந்திருந்தான். அடுத்தவனுக்குப் பதினாறு. இளையவளுக்குப் பதின்மூன்று. “அக்கா, மூத்தவன் இனி வேலை, வெளியூர் என்று போய்விடுவான். எல்லோரும் ஒன்றாய்ப் பயணம் செய்வது இன்னும் எத்தனை முறை வாய்க்குமோ! இந்தக் கோடையில் கப்பலில் போவோம், நீங்களும் வாருங்கள்” என்றான் தம்பி.

கப்பலை அவனே தேர்ந்தெடுத்தான். எத்தனை நீர்ச்சறுக்குகள் உள்ளன, எத்தனை உணவுக்கூடங்கள் உள்ளன, கட்டணம் எவ்வளவு என்பவற்றையெல்லாம் ஒப்பிட்டுப் பார்த்தான். கேட்க வேண்டிய ஒரு கேள்வியை மட்டும் அவனும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அது என்ன என்பது பின்னர்தான் எங்களுக்குப் புலப்பட்டது.

நாங்கள் கப்பலேறிய மயாமி நகரம் உல்லாசக் கப்பல்களின் தாய்வீடு எனத் தகும். பிஸ்கேன் விரிகுடாவில் உள்ள ஒரு தீவே துறைமுகம். வாரத்தின் இறுதி நாள்களில் வெள்ளை மாளிகைகள் வரிசையாய் நிற்பதுபோல் கப்பல்கள் அங்கே நிற்கின்றன. 1966-ஆம் ஆண்டு டிசம்பரில் ‘சன்வார்ட்’ என்னும் சிறு கப்பல் இங்கிருந்து பகாமாத் தீவுகளுக்கு உல்லாசப் பயணிகளை ஏற்றிச் செல்லத் தொடங்கியது. இன்றைய பெருந்தொழிலின் தொடக்கங்களுள் அது ஒன்று. அதே மயாமியிலிருந்து 2024 ஜனவரியில் முதற்பயணம் புறப்பட்ட ‘ஐகான் ஆஃப் தி சீஸ்’ கப்பலின் நீளம் 365 மீட்டர். கொள்ளளவு ஏறத்தாழ 2,48,000 டன். டைட்டானிக் கப்பலின் கொள்ளளவோ 46,000 டன்தான். இங்கே டன் என்பது எடையைக் குறிப்பதன்று. கப்பலின் உள்ளிடத்தை அளக்கும் அளவையாகும்.

அந்நாளில் இத்தகைய கப்பல்களில் முதியோரே பெரும்பாலும் பயணம் செய்தனர். மேல்தளத்தில் சாய்வு நாற்காலியும், இரவில் இசையும் அவர்களுக்குப் போதுமானவையாய் இருந்தன. பின்னர் குடும்பங்களை ஈர்க்க வேண்டி நிறுவனங்கள் இளையோரின் பக்கம் திரும்பின. 1999-இல் வெளிவந்த ‘வாயேஜர் ஆஃப் தி சீஸ்’ கப்பலில் பாறையேற்றம் பழகும் செயற்கைச் சுவரும், பனிச்சறுக்கு அரங்கும் அமைந்தன. 2006-இல் வந்த ‘ஃப்ரீடம் ஆஃப் தி சீஸ்’ கப்பலில் நின்ற இடத்திலேயே அலைமேல் சறுக்கி விளையாடும் நீர்மேடையும் அமைக்கப்பட்டது. இன்று இவற்றைப் பல கப்பல்களில் காணலாம்.

பிற்பகல் கப்பல் புறப்படுமுன் ஆபத்துக்காலப் பயிற்சி நடந்தது. எங்கே கூடவேண்டும், மிதவைச் சட்டையை எவ்வாறு அணியவேண்டும் என்று கற்பித்தார்கள். பிள்ளைகளுக்கு இது சலிப்பாயிருந்தது. ஆயினும் 2012 ஜனவரியில் இத்தாலியக் கரையோரம் ‘கோஸ்டா கான்கார்டியா’ பாறையில் மோதிக் கவிழ்ந்து 32 பேர் மாண்டபோது, அன்று மாலை ஏறிய பயணிகள் பலர் அப்பயிற்சியைப் பெற்றிருக்கவில்லை என்பதை நான் அவர்களுக்குச் சொன்னேன். அதன்பின் மூவரும் வாய்பேசாது நின்றனர்.

பயிற்சி முடிந்ததும் இளையோர் மன்றத்தில் பெயர் பதிவு செய்யச் சென்றோம். சிறு குழந்தைகளைப் பெற்றோரே கொண்டுவந்து விட்டு, கையொப்பமிட்டு அழைத்துச் செல்ல வேண்டும். பதின்ம வயதினர்க்கு அந்தக் கட்டு இல்லை. தாமே வரலாம், தாமே போகலாம். அந்த உரிமைதான் அவ்வயதினர்க்குத் தேனாய் இனிக்கிறது! இளையவள் தன் வயதுப் பெண்களோடு ஒரு நாழிகையில் நட்புக் கொண்டுவிட்டாள். பதினாறு வயதினன் கூடைப்பந்தாட்டக் குழுவில் சேர்ந்துகொண்டான். மூத்தவனும் தம்பி தங்கையரோடு வாயில்வரை வந்தான். அங்கிருந்த பெண்மணி அவனது அட்டையைப் பார்த்துவிட்டு, “மன்னிக்க வேண்டும், இது பதினேழு வயதுவரை உள்ளோர்க்கு மட்டும்” என்று புன்னகையோடு கூறினாள். அவன் ஒன்றும் பேசாது திரும்பிவிட்டான். நாங்களும் அதைப் பெரிதாய் எண்ணவில்லை.

அன்றிரவு உணவு மேசையில் அவனது நாற்காலி வெறுமையாய் இருந்தது. பதினொரு மணிக்கும் அவன் அறைக்குத் திரும்பாததால் தம்பி தேடிச் சென்றான். கண்டுபிடித்த இடம் சூதாட்டக்கூடம். நூலகத்தில் பகுதிநேர வேலை செய்து சேர்த்த பணத்தில் நூற்று நாற்பது டாலர் அங்கே போய்விட்டிருந்தது. தந்தைக்கும் மகனுக்கும் கடுஞ்சொற்கள் நடந்தன. தாய் அழுதாள். அடுத்த அறையிலிருந்த எனக்கு உறக்கம் வரவில்லை. எல்லோரும் ஒன்றாய் இருக்கவேண்டும் என்று வந்த பயணம் முதலிரவிலேயே இப்படியாயிற்றே என்று வருந்தினேன்.

மறுநாட் காலையில் கப்பல் பகாமாவின் தலைநகராகிய நசாவை அடைந்தது. மயாமியிலிருந்து அது ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தொலைவு. இத்துறைக்கு இத்தனை கப்பல்கள் வருவதற்குக் காரணம் அதன் அழகு மட்டுமன்று. வெளிநாட்டுக் கொடி தாங்கிய கப்பல், அமெரிக்கத் துறைமுகங்களுக்கு இடையே மட்டும் பயணிகளை ஏற்றிச் செல்லலாகாது என்று 1886-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று கட்டுப்படுத்துகிறது. ஆகவே இடையில் வெளிநாட்டுத் துறை ஒன்றைத் தொட்டு வரவேண்டியிருக்கிறது. அவ்வாறு தொடுவதற்கு அண்மையில் உள்ள துறைகளுள் நசாவும் ஒன்று. 1973-இல் விடுதலை பெற்ற சிறு நாட்டின் பெருவருவாய்க்கு இதுவும் ஒரு வழியாயிற்று.

மற்றவர்கள் கடற்கரைக்குச் செல்ல, நான் மூத்தவனை நோக்கி, “எனக்குத் துணையாய் ஊரைச் சுற்றிப் பார்க்க வருகிறாயா?” என்றேன். தலையசைத்தான். இளஞ்சிவப்பு வண்ணம் பூசிய பாராளுமன்றக் கட்டடங்களைக் கடந்து, ‘அரசியின் படிக்கட்டு’ எனப்படும் இடத்திற்குச் சென்றோம். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அடிமைகள் சுண்ணாம்புப் பாறையைக் கைக்கருவிகளால் பிளந்து உண்டாக்கிய வழி அது. இருபுறமும் செங்குத்தான பாறை; நடுவே நிழலும் குளிர்ச்சியும். முதலில் 66 படிகள் இருந்தன. இன்று கண்ணுக்குத் தெரிவன 65. விக்டோரியா அரசியின் பெயர் பின்னாளில் இடப்பட்டது. வெட்டியவர்களின் பெயர்களோ எவருக்கும் தெரியா.

பாதிப் படியில் மூச்சு வாங்க நான் அமர்ந்தேன். அவனும் அமர்ந்தான். சற்று நேரங்கழித்துத் தானாகவே சொன்னான்: “அத்தை, நான் சூதாடுகிறவன் அல்லன். சிறுவர் மன்றத்தில் ‘நீ பெரியவன்’ என்றார்கள். இரவு நடன அரங்கில் ‘நீ இருபத்தொன்று ஆகாதவன்’ என்றார்கள். அந்த ஓர் இடத்தில்தான் ஒன்றும் கேட்காமல் உள்ளே விட்டார்கள்.”

எனக்குச் சுருக்கென்றது. முப்பது ஆண்டுகள் பள்ளியில் பிள்ளைகளோடு வாழ்ந்தவள் நான். ஆயினும் பத்தொன்பது வயது என்பது இரு வீடுகளுக்கும் இடையே முற்றத்தில் நிற்கும் வயது என்பதை அன்றுதான் உணர்ந்தேன். அமெரிக்கத் துறைமுகங்களிலிருந்து புறப்படும் பெருங்கப்பல்களில் மது அருந்தும் வயது பொதுவாக 21. பதின்மர் மன்றத்தின் எல்லையோ 17. சூதாட்டக்கூடமோ பல கப்பல்களில் 18 வயதினர்க்கே திறந்துவிடுகிறது. கப்பல் நடுக்கடலை அடைந்ததும் அதன் விளக்குகள் எரியத் தொடங்குகின்றன. பெரியவன் என்று மதித்து அழைப்பது அந்தக் கதவு ஒன்றுதான் என்றால், பிள்ளை அதன் வழியே நுழைவதில் வியப்பென்ன?

கப்பலுக்குத் திரும்பியதும் இதைத் தம்பியிடம் தனியே சொன்னேன். அவன் நெடுநேரம் கடலையே பார்த்துக்கொண்டிருந்தான். “நான் இளையவளை எண்ணியே கப்பலைத் தேர்ந்தெடுத்துவிட்டேன், அக்கா” என்றான்.

மூன்றாம் நாள், கப்பல் நிறுவனத்துக்கே உரிய ஒரு தீவில் கழிந்தது. பகாமாவில் இத்தகைய தீவுகளைப் பல நிறுவனங்கள் பேணி வருகின்றன. அங்கே தந்தையும் மகனும் ஒரு சிறு படகை வாடகைக்கு எடுத்துக்கொண்டு துடுப்பிட்டுச் சென்றனர். என்ன பேசினார்களோ, அறியேன். திரும்பி வந்தபோது இருவர் முகமும் வெயிலில் சிவந்து, இருவரும் பசியோடிருந்தனர். அன்றிரவு மேசையில் அவனது நாற்காலி வெறுமையாய் இருக்கவில்லை.

அம்மேசையில் எங்களுக்கு உணவு பரிமாறியவர் கோவாவைச் சேர்ந்த இளைஞர். வயது இருபத்திரண்டு. பல மாத ஒப்பந்தத்தில் வந்தவர்; வீட்டிற்குப் பணம் அனுப்பித் தங்கையைப் படிக்க வைக்கிறார். நான்காம் நாள் முழுவதும் கடற்பயணம்; அன்று மாலை அவருக்குக் கிடைத்த சிறு ஓய்வில் என் மருமகன் அவரோடு நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தான். தன்னைவிட மூன்றே வயது மூத்தவரின் வாழ்க்கையை அவன் அவ்வளவு அருகில் கேட்டதில்லை போலும். இரவு உணவின்போது தன் தட்டைத் தானே எடுத்து அவர் கையில் கொடுத்தான்.

இனி, இத்தகைய பயணத்தை எண்ணும் பெற்றோர்க்குச் சில சொற்கள். கப்பலின் பருமனையும் சறுக்குகளின் எண்ணிக்கையையும் முதலில் பார்க்க வேண்டா. உங்கள் பிள்ளைகளின் வயதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, ஒவ்வொரு வயதிற்கும் அக்கப்பலில் எந்தக் கதவு திறந்திருக்கிறது என்று கேளுங்கள். கார்னிவல் நிறுவனம் 12 முதல் 14 வரை ஒரு மன்றமும், 15 முதல் 17 வரை மற்றொன்றும் நடத்துகிறது. நார்வீஜியன் நிறுவனத்தில் 13 முதல் 17 வரை ஒரே மன்றம். டிஸ்னி கப்பல்களில் சூதாட்டக்கூடமே இல்லை. 18 முதல் 20 வயதினர் கூடிப் பழகத் தனி ஏற்பாடும் உண்டு. வர்ஜின் வாயேஜஸ், வைக்கிங் ஆகியவற்றின் கப்பல்களோ 18 வயது நிரம்பாதோரை ஏற்பதில்லை. இவ்விதிகள் மாறக்கூடுமாதலால் பணம் கட்டுமுன் கேட்டுத் தெளிவது நன்று.

பயணத்தின் காலத்தையும் பார்க்க வேண்டும். பள்ளி விடுமுறை நாள்களில் கப்பல் முழுதும் இளையோர் நிறைந்திருப்பர்; செப்டம்பர், அக்டோபர் திங்களிலும், இரு வாரத்திற்கு மேற்பட்ட நெடும்பயணங்களிலும் முதியோரே மிகுதி. தோழர் கிடைக்காத கப்பலில் எத்தனை விளையாட்டு இருந்தும் பிள்ளைகளுக்குச் சிறையே.

செலவையும் கருத வேண்டும். உணவும் அறையும் கட்டணத்தில் அடங்கும். குளிர்பானம், இணையத் தொடர்பு, கரையுலாக்கள், ஊழியர்க்கான அன்றாட அன்பளிப்பு ஆகியவை பெரும்பாலும் தனி. பிள்ளைகளின் அட்டையால் வாங்குவன பெற்றோர் கணக்கில் ஏறும். அதற்கு எல்லை வகுக்குமாறு முதல் நாளே அலுவலகத்தில் சொல்லிவிடலாம். இந்தியக் கடவுச்சீட்டோடு செல்வோர், அமெரிக்காவுக்குள் மீண்டும் நுழைய அனுமதிக்கும் விசா தம்மிடம் உள்ளதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

எல்லாவற்றிற்கும் மேலாக, நாளில் ஒரு வேளையாவது அனைவரும் ஒரே மேசையில் உண்பது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பகலெல்லாம் அவரவர் விருப்பப்படி செல்லட்டும். மாலையில் அந்த நாற்காலி நிறையட்டும்.

ஐந்தாம் நாள் விடியலில் மயாமியின் விளக்குகள் தெரிந்தன. நாங்கள் அனைவரும் மேல்தளத்தில் நின்றோம். “அடுத்த முறை கப்பலை அண்ணனே தேர்ந்தெடுக்கட்டும்” என்றாள் இளையவள். தம்பியும் சிரித்துக்கொண்டே இசைந்தான். மூத்தவன் உடனே மறுமொழி கூறவில்லை. சற்று எண்ணிப் பார்த்துவிட்டு, தங்கையிடம் கேட்டான்: “அப்போது உனக்கு எத்தனை வயதாகியிருக்கும்?”