கை தெரியும் காக்பிட்

வீட்டில் சிமுலேட்டரில் விமானம் ஓட்டிப் பழகுகிறவர்களுக்குத் தரையிறங்கும் சுற்றுதான் பெரிய பரீட்சை. செஸ்னா 172 ரன்வேக்கு இணையாகப் போகும். ரன்வேயின் முனை தோளுக்குப் பின்னால் ஏறத்தாழ 45 பாகைக்கு வந்ததும் திரும்ப வேண்டும். மேசைத் திரையில் தோளுக்குப் பின்னால் என்று ஓர் இடமே இல்லை. விஆர் ஹெட்செட் அந்த இடத்தைக் கொடுத்தது. ஆனால் கைகளை மறைத்துவிட்டது. ஃபிளாப் நெம்புகோலைத் துழாவித்தான் பிடிக்க வேண்டியிருந்தது.

கலப்பு மெய்ம்மை இரண்டையும் சேர்த்துத் தருகிறது. 2023-இல் வந்த மெட்டா குவெஸ்ட் 3 போன்ற ஹெட்செட்டுகள் முன்புறக் கேமராக்கள் வழியே அறையை வண்ணத்தில் காட்டும். வானத்தையும் நிலத்தையும் சிமுலேட்டர் வரையும். யோக்கும் த்ராட்டிலும் என் விரல்களும் நிஜமாகவே தெரியும்.

இதில் நுட்பம் எல்லாம் எல்லைக்கோட்டில் இருக்கிறது. எதுவரை நிஜம் தெரிய வேண்டும் என்பதை நாமே வரைந்து வைக்கிறோம். கேமரா வழியே பார்த்தால் சிறிய எண்கள் மங்கும். ஆகவே உயரமானி, வேகமானி எல்லாவற்றையும் சிமுலேட்டரிடமே விட்டுவிட்டேன். கருவிப் பலகையின் கீழ்விளிம்பில் கோடு. அதற்குக் கீழே நிஜம். கோட்டுக்கு மேலே போகும் கை மறைந்துவிடும் என்பதால், திருக வேண்டிய குமிழ்களை எல்லாம் கீழே பொருத்தினேன். நாற்காலி சற்று நகர்ந்தாலும் வரைந்த காக்பிட்டும் மேசையும் பிரிந்துபோகும். அதனால் நாற்காலியைத் தரையில் அசையாமல் நிறுத்தி, பார்வையைச் சரிசெய்யும் பொத்தானை யோக்கிலேயே வைத்திருக்கிறேன்.

இரவில் பறப்பதுதான் கடினம். அறை இருண்டால் கேமராப் படம் புள்ளி புள்ளியாகும், தலையசைவைக் கணிப்பதும் தடுமாறும். காக்பிட்டுக்கோ இருள் வேண்டும். அறை முழுவதும் சீரான வெளிச்சம் வைத்து, கேமராப் படத்தின் பிரகாசத்தை மட்டும் மென்பொருளில் குறைப்பது நல்ல வழி.

உடலை இருக்கையில் அழுத்தும் விசையை இந்த ஏற்பாடு தராது. ஆனால் கண் ரன்வேயை விட்டு விலகாமல் இருக்க, வேகம் 110 நாட் (knot) அளவுக்குக் கீழே இறங்கியதும் ஃபிளாப் முதல் படிக்குக் கை தானாகப் போகும் ஒழுங்கை இது கற்றுத் தரும். அந்த ஒழுங்கு, நெம்புகோல் எப்போதும் ஒரே இடத்தில் இருந்தால்தான் படியும். ஹெட்செட் வாங்கக் காசு சேர்க்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: முதலில் நிஜ விமானத்தில் இருக்கைக்கும் த்ராட்டிலுக்கும் உள்ள தூரத்தை அறிந்து, அதே அளவில் மேசையை அமையுங்கள்.