வெள்ளைக் கட்டையில் சிக்காத பேகடா: ராயபுரம் முதல் எண்ணூர் வரை ஒரு மெட்டுப் பயணம்

எண்ணூர் என்றதும் சென்னைக்காரர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது புகைபோக்கி. அடுத்தது கன்டெய்னர் லாரி. இன்னும் கொஞ்சம் யோசித்தால் எண்ணெய்க் கசிவு. 'மெட்டு' என்ற சொல் இந்தப் பட்டியலில் எங்கேயும் வராது.

ஆனால், ராயபுரத்தில் தொடங்கி திருவொற்றியூர், மணலி என்று சுற்றி எண்ணூர் முகத்துவாரத்தில் முடியும் இந்தச் சின்ன நிலப்பரப்புக்குள் நடந்திருக்கும் இசை வேலைகளைக் கேட்டால் ஆச்சர்யமாக இருக்கும். இங்கிலாந்து மெட்டுக்கு சமஸ்கிருத வரி எழுதிய குடும்பம் இங்கே இருந்தது. தியாகராஜர் விருந்தாளியாக வந்து ஐந்து பாடல்களைத் தந்துவிட்டுப் போனது இங்கேதான். நம் காலத்தில் கழிமுகத்துக்காக ஒரு பாட்டு கட்டப்பட்டு, உலகம் முழுக்கப் போனதும் இங்கிருந்துதான். வீட்டில் ஒரு கீபோர்டு வாங்கிவைத்து, 'நாமே ஒரு டியூன் போட்டால் என்ன?' என்று யோசிக்கிறவர்கள் ஒருமுறை போய்ப் பார்த்துவர வேண்டிய பாதை இது.

ராயபுரம்: ஞாயிற்றுக்கிழமை கட்டைகள்

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ல் கிளம்பிய ராயபுரம் ஸ்டேஷனைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். அதனால் அதைத் தாண்டிப் போவோம். பக்கத்தில் படகுத் தொழில் செய்த குருகுல வம்சத்தினர் 1829-ல் எழுப்பிய செயின்ட் பீட்டர்ஸ் தேவாலயம் இருக்கிறது. வடசென்னைப் பிள்ளைகள் பலர் கீபோர்டு கட்டையை முதன்முதலில் தொடுவது இதுபோன்ற தேவாலயப் பாடகர் குழுக்களில்தான். ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் வாழ்ந்த ராயபுரம் பகுதியில் வீட்டில் பியானோ இருப்பது ஒரு காலத்தில் அதிசயம் இல்லை.

இப்போது அசல் பியானோவை வைத்துக்கொள்வது பெரிய தலைவலி. உள்ளே இருப்பது மரமும் இரும்புக் கம்பியும். கடற்காற்றின் ஈரம் மரத்தை உப்பவைக்கும், உப்பு கம்பியைத் துருப்பிடிக்கவைக்கும். கடலோர வீட்டில் பியானோவின் சுருதி நிற்பதே கஷ்டம். அதனால் 61 கட்டை எலெக்ட்ரானிக் கீபோர்டுதான் இந்தப் பக்கத்துக்கு ஏற்ற பியானோ. ஹெட்போன் மாட்டிக்கொண்டால் பக்கத்து வீட்டுக்காரரும் சண்டைக்கு வர மாட்டார். சுருதி கலையாது. கரன்ட் போனால் மட்டும் கச்சேரி முடிந்தது.

முறையாகப் படிக்க நினைப்பவர்களுக்கு அண்ணா சாலையில் 1842-ல் தொடங்கிய 'மியூசி மியூசிக்கல்' இருக்கிறது. டிரினிட்டி காலேஜ் லண்டன் தேர்வெழுதும் சென்னைப் பிள்ளைகளுக்குப் பழக்கமான முகவரி. அந்தத் தேர்வில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் உண்டு. பட்டியலில் கொடுத்திருக்கும் பாடல்களில் ஒன்றுக்குப் பதிலாக, சில விதிகளுக்கு உட்பட்டு, நாமே சொந்தமாக அமைத்த இசையை வாசிக்கலாம். ஆனால், நம் ஊரில் பெரும்பாலும் பட்டியல் பாடலையே மனப்பாடம் செய்கிறார்கள். மார்க் பயம்!

மணலி: இரவல் மெட்டு, சொந்த வார்த்தை

எண்ணூருக்குப் பக்கத்து ஊர் மணலி. இன்று எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும் ரசாயனத் தொழிற்சாலைகளும்தான் அதன் அடையாளம். 18-ம் நூற்றாண்டில் அதன் அடையாளம் வேறு. ஆங்கிலேய கவர்னர் பிகாட்டுக்கு துபாஷாக இருந்த முத்துகிருஷ்ண முதலியாரின் ஊர் அது. அவர் அழைத்து, திருவாரூரிலிருந்து ராமசுவாமி தீட்சிதர் குடும்பத்தோடு மணலிக்குக் குடிவந்தார். அவருடைய மூத்த மகன்தான் 1775-ல் பிறந்த முத்துசுவாமி தீட்சிதர். ஆம், சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவர்.

முதலியார் குடும்பத்துக்குக் கோட்டையில் செல்வாக்கு. அங்கே ஆங்கிலேயரின் பேண்டு வாத்தியம் முழங்கும். மணலியில் வளர்ந்த தீட்சிதர் சகோதரர்கள் அதைப் போய்க் கேட்டார்கள் என்று சொல்லப்படுகிறது. கேட்டதோடு நிற்கவில்லை. தம்பி பாலுசுவாமி, ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்றுக்கொண்டார். கர்னாடக சங்கீதத்துக்குள் வயலின் நுழைந்த வாசல்களில் முக்கியமானது இது. இன்று மார்கழி மேடையில் பாடகருக்குப் பக்கத்தில் வயலின் இருக்கிறது என்றால், அதில் மணலிக்கும் ஒரு பங்கு உண்டு.

அண்ணன் முத்துசுவாமி, கேட்ட பேண்டு மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்யம் எழுதினார். 'நோட்டு ஸ்வரம்' என்று பெயர். இங்கிலாந்தின் தேசிய கீத மெட்டில் அமைந்தது 'சந்ததம் பாஹி மாம்'. 'ஷ்யாமளே மீனாக்ஷி'யைக் கேட்கிற எந்த எல்.கே.ஜி குழந்தையும் உடனே 'ட்விங்கிள் ட்விங்கிள்' என்று கத்தும். சந்தேகம் இருந்தால் செல்போனில் தேடிக் கேட்டுப் பாருங்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மெட்டு அவருடையது இல்லை, இரவல்தான். பின்னாளில் கமலாம்பா நவாவரணம் போன்ற மலைகளை எழுப்பிய மேதை, வேற்று நாட்டு டியூனுக்கு வார்த்தை போட்டு விளையாடியிருக்கிறார். முதல் மெட்டே உலகம் காணாத புதுசாக இருக்க வேண்டும் என்று நினைத்து, கீபோர்டை பரண் மேல் ஏற்றிவிட்டவர்களுக்கு இது ஆறுதலாக இருக்கலாம்.

இந்தப் பாடல்கள் காணாமல் போகாமல் கிடைத்ததற்கும் ஆர்வத்தால் கைக்காசைக் கரைத்த ஒருவர் காரணம். ஏ.எம்.சின்னசாமி முதலியார் என்ற தமிழ்க் கிறிஸ்தவர், 1890-களில் கர்னாடகப் பாடல்களை ஐரோப்பிய ஸ்டாஃப் நொட்டேஷனில் எழுதி சென்னையில் அச்சிட்டார். பியானோ தெரிந்தவர் யாரும் பார்த்து வாசிக்கலாம் என்பது திட்டம். நோட்டு ஸ்வரங்கள் சில அதில் இடம்பெற்றன. அச்சுச் செலவு அவருடைய சொத்தைத் தின்றது.

நோட்டு ஸ்வரங்கள் எல்லாமே சங்கராபரணம். கீபோர்டு வைத்திருப்பவர்கள் 'சி' கட்டையை 'ச' என்று வைத்துக்கொண்டு, கறுப்புக் கட்டையைத் தொடாமல் வெள்ளைக் கட்டையை மட்டும் வரிசையாக அழுத்துங்கள். அதுதான் சங்கராபரணத்தின் ஸ்வரங்கள். அசைவு இல்லை, கமகம் இல்லை. மணலிப் பிள்ளையின் பாட்டு பியானோவில் அப்படியே உட்கார்ந்துவிடும்.

திருவொற்றியூர்: இரண்டு கட்டைக்கு நடுவில்

மெட்ரோவில் வந்தால் விம்கோ நகருக்கு முன்னதாகவே இறங்கிக்கொள்ளலாம். தியாகராஜ சுவாமி கோயில். அம்மன் வடிவுடையம்மன், திரிபுரசுந்தரி. சுந்தரர் சங்கிலியாரைக் கைப்பிடித்த ஊர். கடலோரம் பட்டினத்தார் சமாதி. ஏழுகிணற்றிலிருந்து இந்தக் கோயிலுக்கு வந்து வந்து பாடியவர் வள்ளலார். இந்த ஊரில் பாட்டுக்குப் பஞ்சமே இருந்ததில்லை.

திருவொற்றியூரில் பிறந்தவர் வீணை குப்பையர், தியாகராஜரின் சீடர். சீடருக்காகத் திருவொற்றியூர் வந்த தியாகராஜர், திரிபுரசுந்தரி மேல் ஐந்து கிருதிகள் செய்தார். ஆரபி, கல்யாணி, சாவேரி, சுத்த சாவேரி, பேகடா என்று ராகத்துக்கு ஒன்று. சீடரும் சளைத்தவர் இல்லை. பாட்டு கற்கும் பிள்ளைகள் இன்றும் பாடும் பேகடா வர்ணம் குப்பையருடையது. சகானாவில் 'கருணிம்ப' வர்ணம் அவருடைய மகன் திருவொற்றியூர் தியாகய்யர் செய்தது. சென்னையில் பாட்டு கிளாஸ் நடக்கும் வீடுகளில் தினமும் திருவொற்றியூர் ஒலித்துக்கொண்டிருக்கிறது. பாடுகிற பிள்ளைக்கு அது தெரியாது என்பது வேறு விஷயம்.

பேகடாவைக் கொஞ்சம் பிடித்துக்கொள்வோம். இலக்கணப்படி அது சங்கராபரணத்தில் பிறந்த ராகம். அதாவது, காகிதத்தில் பார்த்தால் அதே வெள்ளைக் கட்டைகள். அழுத்திப் பாருங்கள், பேகடா வராது. அதன் மத்யமம் கட்டை நிற்கும் இடத்தில் நிற்காது, கொஞ்சம் மேலே போய் ஊசலாடும். நிஷாதம் கொஞ்சம் கீழே தொங்கும். கட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் இருக்கிற அந்த இடத்தில்தான் ராகத்தின் உயிர் இருக்கிறது. பியானோவில் அந்த இடமே கிடையாது.

இதே காரணத்துக்காக ஆர்மோனியத்தை ஆல் இந்தியா ரேடியோ 1940-ல் ஒதுக்கிவைத்து, 1971 வரை தடை நீடித்தது. அப்புறம் வந்தவர்கள் வேறு வழி கண்டுபிடித்தார்கள். 'கீபோர்டு' சத்யநாராயணன் கருவியின் ஓரத்தில் இருக்கும் 'பிட்ச் பெண்ட்' சக்கரத்தை இடது கையால் உருட்டி கமகத்தை வரவழைக்கிறார். பியானோ கலைஞர் அனில் சீனிவாசன் அந்தப் போட்டிக்கே போவதில்லை. ராகத்தின் வளைவுகளை சிக்கில் குருசரணின் குரலுக்கு விட்டுவிட்டு, பியானோவால் முடிந்ததை அதற்குக் கீழே விரிக்கிறார். வீட்டில் மெட்டுப் போடுகிறவர்களுக்கு இரண்டாவது வழி எளிது. டியூனை வாயால் முணுமுணுத்து செல்போனில் பதிவுசெய்துவிட்டு, அப்புறம் கீபோர்டில் துணை ஸ்வரங்களைத் தேடலாம். கட்டையில் ஆரம்பித்தால் கை பழகிய இடத்துக்கேதான் விரல் போகும்.

எண்ணூர்: புறம்போக்கில் பிறந்த பாட்டு

கும்மிடிப்பூண்டி பக்கம் போகும் மின்சார ரயிலில் விம்கோ நகர், கத்திவாக்கம் தாண்டினால் எண்ணூர். அங்கிருந்து கடலை ஒட்டிப் போனால் முகத்துவாரம். கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் இடம். ஒரு பக்கம் வலை வீசுகிறார்கள். இடுப்பளவு தண்ணீரில் நின்று கையால் துழாவி இறால் பிடிக்கிறார்கள். இன்னொரு பக்கம் அனல்மின் நிலையங்கள், துறைமுகக் கிரேன்கள், நிலக்கரி. இரண்டும் ஒரே செல்போன் படத்தில் அடங்கும்.

எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-ல் வந்து, 2017-ல் மூடப்பட்டது. அதற்குள் வடசென்னை அனல்மின் நிலையமும் துறைமுகமும் வந்துவிட்டன. சாம்பல் கொண்டுபோகும் குழாய்களின் கசிவு ஆற்றில் படிந்துகொண்டே போனது. ஆழம் குறைந்தால் மீன் வராது. மழைக்காலத்தில் வெள்ளம் வடிய வழியும் இருக்காது.

இந்த இடத்தைப் பற்றித்தான் 2017 பொங்கலன்று, ஜனவரி 14-ல், 'சென்னை புறம்போக்கு பாடல்' யூடியூபில் வெளியானது. வரிகளை எழுதி மெட்டமைத்தவர் கபேர் வாசுகி. சினிமாவுக்கு வெளியே, தன் பாட்டைத் தானே எழுதிப் பாடிக்கொண்டிருந்த இளைஞர். அந்த மெட்டை வயலின் கலைஞர் ஆர்.கே.ஸ்ரீராம்குமார் கர்னாடக ராகங்களுக்குள் கொண்டுவந்தார். டி.எம்.கிருஷ்ணா பாடினார். சபாவில் இல்லை, எண்ணூர் கழிமுகத்தில், சாம்பலுக்கும் சேற்றுக்கும் நடுவில் நின்று.

'புறம்போக்கு' என்பது வருவாய்த் துறைச் சொல். யாருக்கும் பட்டா இல்லாத பொது நிலம். மேய்ச்சல் தரை, ஏரிக்கரை, ஆற்றங்கரை. நாளடைவில் அது வசவுச் சொல்லாக மாறிவிட்டது. உபயோகமற்ற நிலம் என்று நினைத்துக் குப்பையைக் கொட்டினோம், உபயோகமற்ற ஆள் என்று திட்டவும் அதையே எடுத்துக்கொண்டோம். அந்தப் பழைய அர்த்தத்தைத் திருப்பிக் கேட்கிறது பாட்டு. அதுவும் பேச்சுத் தமிழில். ராகமாலிகையாக ஆனந்தபைரவியில் தொடங்குகிறது. அடுத்து வருவது பேகடா. திருவொற்றியூர் அம்மன் சந்நிதியில் தெலுங்கில் ஒலித்த ராகம், சில மைல் வடக்கே சென்னைத் தமிழில் சாம்பல் குழாயைப் பற்றிப் பேசுகிறது. பாட்டைச் செய்தவர்கள் இதை யோசித்துச் செய்தார்களோ இல்லையோ, பொருத்தம் அபாரம்.

பாட்டு வெளிவந்து இரண்டே வாரம். ஜனவரி 28 அதிகாலை, துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. எண்ணூர்க் கரையெங்கும் கறுப்பு எண்ணெய். மீனவர்களும் மாணவர்களும் தன்னார்வலர்களும் பக்கெட்டில் எண்ணெய் அள்ளிய காட்சியை நாடே பார்த்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வந்து கழிமுகத்தில் பரவியது. படகு, வலை, வீட்டுச் சுவர், அலையாத்தி மரம் எல்லாவற்றிலும் கறை. அதே மாதம் 26-ம் தேதி நள்ளிரவு, உரத்தொழிற்சாலைக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, பெரியகுப்பம் மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

ஒரு பாட்டால் ஆற்றைச் சுத்தம் செய்ய முடியாது என்பது எண்ணூர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால், அதற்கு முன் 'கொசஸ்தலை' என்ற பெயரையே கேட்டிராத பலர் அதன் முகத்துவாரத்தை முதலில் பார்த்தது அந்த வீடியோவில்தான். வடசென்னை இதற்குப் புதிதும் இல்லை. சாவு வீட்டில் விடிய விடிய கானா கட்டியவர்கள் யாரும் மியூசிக் கிளாஸ் போனவர்கள் இல்லை. அந்தக் கானாவை வைத்து 2018 ஜனவரியில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடையேறியபோது, ஊரே திரும்பிப் பார்த்தது.

போவது எப்படி?

சென்ட்ரல் புறநகர் ரயில் நிலையத்திலிருந்து கும்மிடிப்பூண்டி மார்க்க ரயில்கள் எண்ணூரில் நிற்கும். திருவொற்றியூரை முதலில் பார்க்க நினைத்தால் மெட்ரோவில் வந்து, கோயில் முடித்து, அங்கிருந்து வடக்கே போகலாம். எண்ணூர் விரைவுச் சாலையில் பைக்கில் போகிறவர்கள் கன்டெய்னர் லாரிகளிடம் ஜாக்கிரதை. முகத்துவாரத்துக்கு மாலை நான்கரைக்கு மேல் போனால் வெயில் தெரியாது. ஆழம் தெரியாமல் தண்ணீரில் இறங்க வேண்டாம். வலை காயப்போட்டிருக்கும் இடத்தில் செருப்புக் காலோடு நடக்க வேண்டாம்.

ஹெட்போனை மறக்காமல் எடுத்துப்போங்கள். போகும்போது ரயிலில் 'ஷ்யாமளே மீனாக்ஷி'. கரையில் உட்கார்ந்ததும் குப்பையரின் பேகடா வர்ணம். அது முடிந்ததும் புறம்போக்கு பாடலைப் போடுங்கள். பேகடா வரும் இடத்தில் ஹெட்போனை ஒரு காதிலிருந்து கழற்றினால், மறு கரையிலிருந்து துறைமுகத்து இரைச்சல் கேட்கும்.