மணியாச்சி தாண்டி

முத்துநகர் எக்ஸ்பிரஸ் வாஞ்சி மணியாச்சியில் நின்றபோது இன்னும் முழுதாக விடியவில்லை. இறங்கி நடைமேடையில் நின்றேன். 1911 ஜூன் 17 அன்று, இங்கே ரயில் பெட்டிக்குள் உட்கார்ந்திருந்த கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டார். பள்ளிக்கூடத்திலேயே மனப்பாடமான தேதி அது. என்னை இவ்வளவு தூரம் இழுத்து வந்தது அதற்கு ஒரு மாதம் முந்தைய இன்னொரு தேதி. 1911 மே 15. எண்ணெய் முதலாளி ராக்ஃபெல்லரின் ஸ்டாண்டர்ட் ஆயில் கம்பெனியைத் துண்டு துண்டாகப் பிரிக்க வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன நாள். விடுதலைப் போராளி வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனி கலைக்கப்பட்டதும் அதே 1911-ல்தான். இவை ஒரே ஆண்டில் வந்து விழுந்ததை ஒரு புத்தகத்தில் கவனித்ததிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை.

மணியாச்சியிலிருந்து தூத்துக்குடி வரை இந்தத் தண்டவாளம் 1876-ல் வந்தது. அதைக் கொண்டுவந்ததில் பருத்திக்குப் பெரிய பங்கு உண்டு. கோவில்பட்டிப் பக்கம் கரிசல் காட்டில் என் தாத்தா கருங்கண்ணிப் பருத்தி போட்டவர். அமெரிக்காவில் சண்டை வந்தபோது பருத்திக்குப் பொன் விலை கிடைத்ததாம் என்று அவர் சொல்வார். அது அவருடைய தாத்தா காலத்துக் கதை. கதை உண்மைதான். 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில் அமெரிக்கத் தென் மாநிலத் துறைமுகங்கள் அடைபட்டன. லங்காஷயர் ஆலைகள் பஞ்சில்லாமல் தவித்து இந்தியப் பருத்தியை வாரி வாங்கின. திருநெல்வேலிப் பருத்திக்கும் யோகம் அடித்தது. சண்டை முடிந்ததும் விலை சரிந்துவிட்டது. அங்கே வடமாநிலங்கள் எஃகும் ரயிலும் எண்ணெயுமாக எழுந்து நின்றன. இங்கே பருத்தி பொதி பொதியாகக் கடலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. தூத்துக்குடியில் கிரேட் காட்டன் ரோடு என்று ஒரு தெருவே உண்டு. காலை வெயிலில் அதில் நடந்தபோது பஞ்சு வண்டிகளின் வரிசையை மனதில் ஓட்டிப் பார்த்தேன்.

அந்தப் பஞ்சை இங்கேயே நூற்க 1888-ல் கோரல் மில் வந்தது. ஹார்வி சகோதரர்களின் ஆலை. மூலதனம் வெள்ளைக்காரர்களுடையது, உழைப்பு நம்மவர்களுடையது. 1908 பிப்ரவரி 27 அன்று அந்தத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களோடு நின்றார்கள். கேட்டது கூலி உயர்வும் வாராந்திர விடுமுறையும். மார்ச் முதல் வாரத்திலேயே நிர்வாகம் இறங்கி வந்தது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அமெரிக்காவின் ஹோம்ஸ்டெட் நினைவுக்கு வரும். 1892-ல் கார்னகியின் அந்த எஃகு ஆலையில் தொழிலாளர்களை அடக்கக் கூலிக்காவலர்களை இறக்கினார்கள். உயிர்கள் போயின, சங்கம் நொறுங்கியது. பணமும் வாக்குரிமையும் இருந்த நாட்டில் தோற்ற ஒன்றை அடிமை நாட்டின் ஒரு சின்னத் துறைமுகம் ஜெயித்துக் காட்டியது. இதை நாம் போதுமான அளவு கொண்டாடவில்லை என்பது என் குறை.

ஜெயித்ததற்கு உடனே விலை கேட்கப்பட்டது. மார்ச் 12 அன்று வ.உ.சி. கைதானார். ஜூலையில் இரட்டை ஆயுள் தண்டனை. மேல்முறையீட்டில் அது குறைந்து 1912 டிசம்பரில் அவர் வெளியே வந்தபோது கம்பெனி இல்லை.

அந்தக் கம்பெனியின் கதையில்தான் ஸ்டாண்டர்ட் ஆயில் வந்து நிற்கிறது. 1870-ல் தொடங்கிய ராக்ஃபெல்லர், ரயில் கம்பெனிகளிடம் ரகசியத் தள்ளுபடி வாங்குவார். போட்டியாளர் இருக்கும் ஊரில் விலையை அடிமட்டத்துக்கு இறக்குவார். அவன் கடையைக் கட்டியதும் ஏற்றிக்கொள்வார். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் அமெரிக்காவின் எண்ணெய்ச் சுத்திகரிப்பில் நூற்றுக்குத் தொண்ணூறு அவர் கையில். தூத்துக்குடி–கொழும்புக் கடலில் அந்த இடத்தில் இருந்தது பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனி. 1906 அக்டோபரில் வ.உ.சி. 10 லட்ச ரூபாய் மூலதனத்துக்குக் கம்பெனி பதிந்தார். பங்கு ஒன்று 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்குகள். தலைவர் பாண்டித்துரைத் தேவர். 1907-ல் காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்கள் வந்தன. வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தை இறக்கியது. பிறகு இலவசமாகவே ஏற்றிக்கொண்டு குடையும் கொடுத்தது என்று இந்த ஊரில் இன்றும் சொல்கிறார்கள். கலெக்டர் ஆபீஸும் அதன் பக்கம். 1908-ல் இங்கே துணை கலெக்டராக இருந்தவர் ஆஷ்.

போட்டியைக் கொன்று ஏகபோகம் பிடிப்பது குற்றம் என்று சொல்ல அமெரிக்காவில் 1890-லேயே ஷெர்மன் சட்டம் வந்துவிட்டது. அது ஸ்டாண்டர்ட் ஆயிலை எட்ட இருபது ஆண்டு பிடித்தது; தொழிற்சங்கங்கள் மீதே அதைப் பாய்ச்சிய கொடுமையும் நடந்தது. ஆனாலும் 1911-ல் அங்கே சிக்கியது பெரிய மீன். இங்கே அதே ஆண்டு கலைந்தது 25 ரூபாய்ப் பங்குகளால் கட்டிய கம்பெனி. வ.உ.சி. போய் நின்று முறையிட ஒரு நீதிமன்றம் இருந்ததா? நீதிபதியும் அவர்கள், கப்பலும் அவர்களுடையது.

ஆள்பவர்களே அள்ளிக்கொள்வது இந்தக் கரைக்குப் புதிதும் இல்லை. முத்துச் சிப்பி விளையும் பாரைத் திறந்து முத்துக் குளித்த நாட்களில் பரதவர்கள் காலில் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்கி அள்ளிய சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்குப் போனது. மூச்சைப் பிடித்தவனுக்கு ஒரு பங்கு. 1961-க்குப் பிறகு முத்துக்குளிப்பே இல்லை.

மாலையில் பழைய துறைமுகத்துக்குப் போனேன். மாலத்தீவுக்கு ஒரு தோணியில் மூட்டை ஏறிக்கொண்டிருந்தது. கயிற்றுச் சுருள் மேல் உட்கார்ந்திருந்த பெரியவரிடம் காலியா எங்கே நின்றிருக்கும் என்று கேட்டேன்.

“இங்கிட்டெல்லாம் வந்திருக்காது அண்ணாச்சி. ஆழம் கிடையாதுல்லா. அந்தக் காலத்துல கப்பல் நாலஞ்சு மைலுக்கு அங்கிட்டே நங்கூரம் போட்டுரும். ஆளையும் சரக்கையும் இங்கன இருந்து தோணியிலதான் கொண்டுபோயி ஏத்தணும்.”

அவர் கை நீட்டிய பக்கம் பார்த்தேன். 25 ரூபாய் போட்டவர்களில் எத்தனையோ பேர் தங்கள் கப்பலைப் பார்க்க இந்த மணலில்தான் நின்றிருப்பார்கள். இங்கிருந்து அது ஒரு புள்ளியாகத்தான் தெரிந்திருக்கும். “காத்து மாறுது” என்று சொல்லிக்கொண்டே பெரியவர் எழுந்து கயிற்றைப் பிரிக்க ஆரம்பித்தார்.