தென்காசியும் குற்றாலமும்: சாரல் நாட்டுக்கு ஒரு பயணத் திட்டம்

தென்காசி, மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் சிற்றாற்றங்கரையில் அமைந்த ஊர். திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு, 2019 நவம்பர் 22 முதல் தனி மாவட்டத்தின் தலைநகராக இருக்கிறது. ஊருக்குத் தென்மேற்கே ஐந்து கிலோமீட்டரில், சமவெளி முடிந்து திரிகூட மலை எழும் இடத்தில் குற்றாலம். கோபுரமும் கடைவீதியும் ரயில் நிலையமும் தென்காசியில், அருவிகள் குற்றாலத்தில். இரண்டையும் இணைப்பது சிற்றாறு. மலைமேல் பிறந்து, குற்றாலத்தில் பேரருவியாக விழுந்து, தென்காசியைத் தொட்டுக் கிழக்கே ஓடி, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்கிறது. இந்த வட்டாரத்தைச் சுற்றிப் பார்க்க வருபவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இந்த ஆற்றையும் அதை நிரப்பும் காற்றையும்தான். மற்ற ஏற்பாடுகளெல்லாம் அதற்குப் பிறகு.

ஜூன் தொடக்கத்தில் கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை இறங்கும்போது தெற்குத் தமிழ்நாட்டின் பெரும்பகுதி வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும். அரபிக் கடலிலிருந்து வரும் ஈரக் காற்றை மலைத்தொடர் மறித்து, மேற்குச் சரிவிலேயே மழையாகக் கறந்துவிடுகிறது. ஆனால் செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவுப் பக்கம் மலை தாழ்ந்து ஒரு கணவாய் திறக்கிறது. அதன் வழியே மிஞ்சிய ஈரமும் காற்றும் கிழக்கே புகுந்து செங்கோட்டை, குற்றாலம், தென்காசி மேல் தூறலாகப் படர்கின்றன. இதைத்தான் சாரல் என்கிறார்கள். வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே தூறும். துண்டு காய்வதற்குள் மறுபடி தூறும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நீளும் இந்தக் காலத்துக்கு ஊரில் 'சீசன்' என்றே பெயர். கிழக்கே திருநெல்வேலி பக்கம் ஐம்பது கிலோமீட்டர் நகர்ந்தால் இந்தக் குளிர்ச்சி கிடைக்காது.

சாரல் வேறு, அருவித் தண்ணீர் வேறு. ஊரில் தூறிக்கொண்டே இருந்தும் அருவியில் நூல் போலத் தண்ணீர் விழும் நாட்கள் உண்டு. ஊரில் பளிச்சென்று வெயிலாக இருந்தும் அருவி கொட்டித் தீர்க்கும் நாட்களும் உண்டு. தண்ணீரைத் தீர்மானிப்பது மலைமேல் பெய்யும் மழை. நீர் திரளும் காட்டுப்பகுதி சிறியது, சரிவோ கடுமையானது. அதனால் மேலே மழை வலுத்தால் சில மணி நேரத்தில் வெள்ளம், மழை நின்றால் சில நாட்களில் வறட்சி. ஜூன் பிறந்ததுமே சீசன் தொடங்கிவிடும் என்றும் இல்லை. பருவமழை தயங்கும் ஆண்டுகளில் ஜூலை வரை காத்திருக்க நேரும். எனவே பல வாரங்களுக்கு முன்பே நாள் குறித்துவிட்டு வருபவர், அருவியை மட்டும் நம்பி வரக்கூடாது. அருவி கிடைக்காத நாளிலும் பார்க்க நிறைய இருக்கும்படி திட்டத்தை விரித்து வைப்பதே நல்லது. அதற்கு இந்த மாவட்டத்தில் குறைவே இல்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையிலும் அருவிகளில் நீர் நிறையும். ஆனால் அப்போது சாரல் கிடையாது, கனமழையும் வெள்ளத்தடையும் அடிக்கடி குறுக்கிடும்.

சென்னையிலிருந்து இரவில் கிளம்பும் பொதிகை எக்ஸ்பிரஸ் மறுநாள் காலை தென்காசியில் இறக்கிவிடும். மதுரையிலிருந்து ராஜபாளையம் வழியாகவும், திருநெல்வேலியிலிருந்து பாவூர்சத்திரம் வழியாகவும் பேருந்துகள் உண்டு. தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையே நகரப் பேருந்தும் ஆட்டோவும் நாள் முழுக்க ஓடும். சீசனில், அதிலும் சனி, ஞாயிறுகளில், குற்றாலத்து விடுதிகளில் அறை கிடைப்பது கடினம், வாடகையும் ஏறிவிடும். தென்காசியிலோ செங்கோட்டையிலோ தங்கிக்கொண்டு அதிகாலையில் அருவிக்குப் போய்வருவது செலவையும் நெரிசலையும் ஒருசேரக் குறைக்கும்.

பயணத்தைத் தென்காசிக் கோபுரத்திலிருந்து தொடங்குவது பொருத்தம். காசி விசுவநாதர் கோயிலை 15ஆம் நூற்றாண்டின் நடுவில் எழுப்பியவர் பராக்கிரம பாண்டியர். மதுரையை இழந்து தெற்கே ஒதுங்கிய பிற்காலப் பாண்டியர்களுக்குத் தென்காசியே தலைநகராயிற்று. காசிக்குப் போக முடியாதவர்கள் தொழுவதற்குத் தெற்கிலேயே ஒரு காசி வேண்டும் என்று இறைவன் கனவில் கேட்டதாகக் கோயில் கதை சொல்கிறது. ஒன்பது நிலையும் ஏறக்குறைய 180 அடி உயரமும் கொண்ட ராஜகோபுரம் பல மைல் தொலைவிலிருந்தே தெரியும். நெடுங்காலம் மேல்நிலைகள் சிதைந்து, நடுவில் பிளந்து, மொட்டைக் கோபுரமாக நின்றிருந்த அது, 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் மீண்டும் எழுப்பப்பட்டு 1990இல் குடமுழுக்குக் கண்டது. இந்தக் கோயிலுக்குப் பிற்காலத்தில் குறை நேர்ந்தால் அதைத் திருத்திக் காப்பவர் யாராக இருந்தாலும் அவரைப் பணிவதாகப் பராக்கிரம பாண்டியர் கல்வெட்டில் பொறித்து வைத்திருக்கிறார். ஓர் அரசர் முகமறியாத மனிதர்களிடம் இப்படி இறங்கிக் கேட்டிருப்பதையும், அவர் அஞ்சிய குறை நேர்ந்தே விட்டதையும், பிற்காலத்தார் அதைச் சரிசெய்ததையும் சேர்த்து நினைக்கும்போது, இந்தக் கோபுரம் அதன் உயரத்தைவிடப் பெரிய காரணத்துக்காகப் பார்க்க வேண்டியதாகிறது.

சீசனில் கோபுர வாசலில் நுழைபவரை உள்ளிருந்து வரும் காற்று எதிர்த்துத் தள்ளும். சற்று உள்ளே போனதும் அதே காற்று பின்னாலிருந்து உந்தும். முன் மண்டபத்துத் தூண்களில் வீரபத்திரர், தாண்டவ மூர்த்தி, ரதி, மன்மதன் ஆகிய பெரிய சிற்பங்கள் நிற்கின்றன. ஒற்றைக் கல்லில் இழைத்த அவற்றின் விரல்களையும் அணிகலன்களையும் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும். அம்மன் பெயர் உலகம்மன். இவ்வூர்ப் பாண்டியர்கள் தமிழ்ப் புலமையிலும் பெயர் பெற்றவர்கள்: நைடதமும் வெற்றி வேற்கையும் பாடிய அதிவீரராம பாண்டியர் இந்த மரபினர்.

குற்றாலத்தில் அருவிகள் பல. பேரருவியைப் பேச்சில் 'மெயின் அருவி' என்பார்கள். மேலிருந்து விழும் நீர் பாதி வழியில் பொங்குமாங்கடல் என்னும் பாறைக் குழியில் விழுந்து, பொங்கி, வேகம் தணிந்து கீழே இறங்குகிறது. அந்தக் குழி இல்லையென்றால் இத்தனை உயரத்து நீரை மனிதத் தலை தாங்காது. அதற்குச் சற்று மேலே சிற்றருவி. இன்னும் மேலே காட்டுக்குள் செண்பகாதேவி அருவியும் தேனருவியும் இருக்கின்றன. அவை வனத்துறைக் கட்டுப்பாட்டில் உள்ளதால் பொதுமக்கள் தம் விருப்பத்துக்கு ஏறிப்போக முடியாது. நான்கைந்து கிலோமீட்டர் தள்ளி உள்ள ஐந்தருவி வேறு ஓடையில் விழுவது. ஐந்து கிளையாகப் பிரிந்து இறங்கும். ஆயிரப்பேரிப் பக்கம் பழைய குற்றாலம். புலியருவி சிறியது, குழந்தைகளோடும் முதியவர்களோடும் வருபவர்களுக்கு ஏற்றது. மெயின் அருவியில் நெரிசல் என்றால் ஐந்தருவிக்கோ பழைய குற்றாலத்துக்கோ மாறிக்கொள்ளலாம். பேரருவியிலும் ஐந்தருவியிலும் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. விடியற்காலையில் போவது எப்போதும் நல்லது: கூட்டம் குறைவு, தண்ணீரும் கலங்காமல் இருக்கும்.

குளிப்பதில் இரண்டு செய்திகளைச் சற்று அழுத்தியே சொல்ல வேண்டும். சோப்பு, ஷாம்பூ, எண்ணெய் மூன்றுக்கும் அருவியில் தடை உண்டு. அருவிக்குக் கீழே அதே சிற்றாறு வயல்களுக்கும் ஊர்களுக்கும் போகிறது என்பதை நினைத்தால் தடையின் காரணம் விளங்கும். அடுத்தது வெள்ளம். பேரருவியில் நீர் பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழத் தொடங்கினாலே குளிக்கத் தடை போடுவார்கள். ஊரில் வெயிலாக இருப்பதை நம்பி, தடையை மீற வழி தேடுவது உயிரோடு விளையாடுவது. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென வெள்ளம் பாய்ந்தது; மக்கள் சிதறி ஓடினர்; 17 வயதுச் சிறுவன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தான். மே மாதம் சீசன்கூட அல்ல, கோடை மழைக் காலம்.

பேரருவியின் அருகிலேயே இருக்கிறது திருக்குற்றாலநாதர் கோயில். மேலிருந்து பார்த்தால் சங்கு வடிவில் அமைந்தது. ஞானசம்பந்தர் இத்தலத்தையும் இங்குள்ள தலமரமான குறும்பலாவையும் தனித்தனிப் பதிகங்களில் பாடியிருக்கிறார். அம்மன் குழல்வாய்மொழி. திருமால் தலமாக இருந்ததை அகத்தியர் சிவத்தலமாக மாற்றினார் என்பது புராணக் கதை. ஈரத்துணியோடு அவசரமாகக் கும்பிட்டுவிட்டுப் போகிறவர்களில் பலர் சித்திர சபையைப் பார்ப்பதில்லை. பெரிய இழப்பு அது. நடராசர் ஆடிய ஐந்து சபைகளில் சிதம்பரம் பொன், மதுரை வெள்ளி, திருநெல்வேலி தாமிரம், திருவாலங்காடு இரத்தினம், குற்றாலத்தில் சித்திரம். கோயிலுக்குச் சற்றுத் தள்ளி, குளத்தின் எதிரே, செப்புத் தகடு வேய்ந்த கூரையோடு தனியாக நிற்கும் இந்தச் சபையில் கூத்தன் ஓவியமாகவே வீற்றிருக்கிறான். உட்சுவர்கள் முழுக்கப் புராணக் காட்சிகள். மார்கழித் திருவாதிரை இங்கே பெருவிழா.

இந்த மலைக்குத் தமிழில் அழியாத இடம் வாங்கித் தந்தவர் பக்கத்து மேலகரத்தில் பிறந்த திரிகூடராசப்பக் கவிராயர். 18ஆம் நூற்றாண்டில் அவர் இயற்றிய குற்றாலக் குறவஞ்சியில் வசந்தவல்லிக்குக் குறி சொல்ல வரும் குறத்தி தன் மலையின் வளத்தை வருணிக்கும் பகுதி, பள்ளிப் பாடமாகத் தமிழர் பலருக்கு அறிமுகமானது. பயணத்துக்கு முன் அதை ஒருமுறை படித்துவிட்டு வருவது எந்த வழிகாட்டி நூலைவிடவும் பயன் தரும். கம்பனைச் சுவைப்பதையே வாழ்வாகக் கொண்ட ரசிகமணி டி.கே.சி. தம் கடைசிக் காலத்தைக் குற்றாலத்தில்தான் கழித்தார். ராஜாஜியும் கல்கியும் அவரைத் தேடி வந்து தங்கிப் பேசிய ஊர் இது.

சுற்றுப்புறத்தில் முதலில் மேற்குப் பக்கம். தென்காசியை ஒட்டிய இலஞ்சியில் குமாரர் கோயில். அதைக் கடந்தால் செங்கோட்டை. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்டுத் தானும் உயிர் துறந்த வாஞ்சிநாதனின் ஊர். 1956 நவம்பர் 1 வரை இவ்வூர் திருவிதாங்கூர்ப் பக்கமே இருந்தது. சமஸ்தானத்தின் சங்கு முத்திரை தாங்கிய நுழைவு வளைவு அந்தக் காலத்தின் சான்று. செங்கோட்டையிலிருந்து புனலூருக்குப் போகும் ரயில் பாதையை எப்படியும் திட்டத்தில் சேர்க்க வேண்டும். 1904இல் மீட்டர் கேஜாகத் திறக்கப்பட்டு, அகலப்பாதையாக மாற்றப்பட்டபின் 2018இல் மீண்டும் முழுமையாக ஓடத் தொடங்கிய இது, குகைகள் வழியாகவும் தென்மலைக்கு அருகில் பதின்மூன்று கண் பாலத்தின் மேலும் மலையைக் கடக்கிறது. காற்று புகுந்துவரும் அதே கணவாய்தான் ரயிலுக்கும் வழி. செங்கோட்டைக்கு வடக்கே பண்பொழியில் திருமலைக் குமாரசாமி கோயில் ஒரு குன்றின்மேல் நிற்கிறது. படியேறியும் போகலாம், வாகனப் பாதையும் உண்டு. உச்சியிலிருந்து குளங்களும் நெல்வயல்களும் தென்னந்தோப்புகளும் பின்னணியில் மலைத்தொடரும் தெரியும். மாவட்டத்தை ஒரே பார்வையில் காண இதற்கு நிகரான இடமில்லை. குண்டாறு, அடவிநயினார் அணைகளும் இந்தப் பக்கமே.

கிழக்கே நிலம் சட்டென்று மாறுகிறது. சுந்தரபாண்டியபுரம், சுரண்டைப் பக்கத்துக் காடுகளில் ஜூலை, ஆகஸ்டில் சூரியகாந்தி பூக்கிறது. அதைப் பார்க்கவே கேரளத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். சுந்தரபாண்டியபுரம் மணிரத்னத்தின் 'ரோஜா' (1992) படமான ஊர். பூக்காட்டில் இறங்குவதற்கு முன் நிலத்துக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது; அது அவர்களுடைய வெள்ளாமை. தெற்கே அம்பாசமுத்திரம் சாலையில் கடையம், பாரதியின் மனைவி செல்லம்மாளின் ஊர். புதுச்சேரியிலிருந்து திரும்பிய பாரதி 1918 முதல் 1920 வரை இங்கே வாழ்ந்தார். பொட்டல்புதூர் தர்காவும் இதே வழியில். வடக்கே சங்கரன்கோவிலில் சங்கரநாராயணர் கோயில். ஆடித்தபசு நாளில் கூட்டம் அலைமோதும். கடையநல்லூர்ப் பக்கம் திருமலாபுரத்தில் பாண்டியர் காலக் குடைவரையும் அதில் மங்கிய பழைய ஓவியங்களும் உள்ளன. கலை ஆர்வமுள்ளவர்கள் தவிர வேறு யாரும் அங்கே போவதில்லை.

சீசனில் குற்றாலத்துத் தெருவோரங்களில் ரம்புட்டானும் மங்குஸ்தானும் பலாவும் குவியும். நேந்திரம் சிப்ஸ் கண்ணெதிரே பொரித்துக் கட்டித் தருவார்கள். சாப்பாட்டில் பெயர் வாங்கியது செங்கோட்டை அருகே பிரானூர் பார்டரின் புரோட்டாவும் நாட்டுக்கோழியும். நெல்லை, மதுரையிலிருந்தே அதற்காக வந்துபோகிறவர்கள் உண்டு. அருவிப் பக்கம் கையில் பழத்தோடு நடந்தால் குரங்குகள் விடாது.

இவை எல்லாவற்றுக்கும் குறைந்தது மூன்று நாள் வேண்டும். தென்காசிக் கோயிலும் குற்றாலமும் சித்திர சபையும் ஒரு நாள். செங்கோட்டை, பண்பொழி, ரயில் பாதை ஒரு நாள். கிழக்கோ தெற்கோ ஒரு நாள். இந்த வரிசையைக் கல்லில் எழுதியதாகக் கொள்ள வேண்டாம். மேலே மழை பெய்து அருவியில் தடை விழுந்தால் அன்று சூரியகாந்திப் பக்கம் போய்விட்டு, நீர் தணிந்த மறுநாள் காலையில் குளிக்கலாம். ஆடி அமாவாசையன்று தர்ப்பணம் கொடுப்பவர்களாலும், வார இறுதிகளில் வெளியூர்க் கூட்டத்தாலும் அருவிக்கரை நிரம்பிவிடும். அந்த நாட்களைத் தவிர்த்து, ஜூலையில் ஒரு திங்களோ செவ்வாயோ வந்து இறங்குங்கள்.