ஊர் எப்போது நகரமாகிறது?

நகரமயமாதல் என்றதும் மனதில் ஓடும் படம் ஒன்றுதான். மழை பொய்த்த ஊரிலிருந்து ஒரு குடும்பம் மூட்டை முடிச்சோடு எழும்பூரில் வந்து இறங்கும். (சினிமாக்காரர்கள் புண்ணியம்!) இங்கிலாந்தில் ஏறக்குறைய அப்படித்தான் நடந்தது. பஞ்சாலைகள் மான்செஸ்டருக்கு ஆட்களை இழுத்தன. 1851 கணக்கெடுப்பில் அந்த நாட்டில் பாதிப்பேருக்கு மேல் நகரவாசிகள். கிராமம் தள்ளுகிறது, நகரம் இழுக்கிறது என்று பாடப்புத்தகத்திலும் படிக்கிறோம்.

கேரளத்தைப் பார்த்தால் இந்தக் கணக்கு உதைக்கிறது. அங்கே 2001-ல் நகர மக்கள் 26 சதவீதம், 2011-ல் 47.7. பத்தே வருடத்தில் இத்தனை பேரும் கொச்சிக்குக் குடிபோய்விட்டார்களா என்ன? பெரும்பாலோர் இருந்த வீட்டிலேயேதான் இருந்தார்கள். 'சென்சஸ் டவுன்' என்ற முத்திரைதான் அவர்கள் ஊரைத் தேடி வந்தது. அப்படிப்பட்ட ஊர்கள் 2001-ல் 99, 2011-ல் 461. இந்தியா முழுக்க எடுத்தால் 1,362 என்பது 3,894 ஆயிற்று.

முத்திரை குத்த மூன்று விதிகள். ஐயாயிரம் பேராவது இருக்கவேண்டும், சதுர கிலோமீட்டருக்கு 400 பேராவது நெருக்கம் வேண்டும், உழைக்கும் ஆண்களில் முக்கால்வாசிப் பேர் விவசாயம் அல்லாத வேலையில் இருக்கவேண்டும். ஆண்கள் மட்டும்! வீட்டு ஆண்கள் டிரைவர், கொத்தனார் என்று போன பிறகு பெண்கள் வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்தாலும் அது நகரம்தான். இந்த விதி எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

வெளிநாட்டுக் கதை இன்னும் வேடிக்கை. டென்மார்க்கில் வீடுகள் நெருக்கமாக அமைந்து 200 பேர் இருந்தாலே நகரக் கணக்கில் சேர்ந்துவிடும். ஜப்பானில் நகரம் என்ற தகுதிக்கு 50,000 பேர் வேண்டும். உலக மக்களில் 55 சதவீதம் நகரவாசிகள் என்று ஐ.நா. 2018-ல் சொன்னதே, அது இப்படி ஒவ்வொரு நாடும் தன் அளவுகோலால் அளந்து கொடுத்ததைக் கூட்டிச் சொன்னதுதான்.

சரி, பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது. சென்சஸ் டவுன் என்பது கணக்கெடுப்பவர் ஏட்டில் மட்டும்தான் நகரம். பெரும்பாலும் ஆள்வது பஞ்சாயத்து. அடுக்குமாடி வந்திருக்கும், பாதாளச் சாக்கடை வந்திருக்காது. குப்பை அள்ள நகராட்சி அளவுக்கு ஆளோ பணமோ இருக்காது.

சரி, நகராட்சியாக்கிவிட வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல். தமிழ்நாட்டில் 2004-ல் ஐந்நூறுக்கும் மேற்பட்ட பேரூராட்சிகளை 'சிறப்புக் கிராம ஊராட்சி' என்று மாற்றினார்கள். கிராமங்களுக்கென்று வரும் மத்திய நிதி கிடைக்கட்டும் என்பது காரணம். 2006-ல் திரும்பவும் பேரூராட்சி! ஒரு செங்கல் இடம் மாறவில்லை, இரண்டு வருடத்தில் இரண்டு முறை ஊரின் சாதி மாறியது.

மக்களும் இதைப் புரிந்துதான் வைத்திருக்கிறார்கள். 2025 தொடக்கத்தில் ஊராட்சிகளை நகராட்சி, மாநகராட்சிகளோடு இணைக்கும் முடிவு வந்தபோது பல ஊர்களில் போராட்டம் நடந்தது. சொத்து வரி ஏறும், நூறு நாள் வேலை போய்விடும் என்பது அவர்கள் பயம். கிராமத்தாருக்கென்றே 2005-ல் சட்டம் போட்டு வந்த வேலை அது. அதற்குப் போனவர்களில் பெண்கள்தான் அதிகம். அதாவது, ஊர் நகரமா இல்லையா என்று பார்க்கும்போது கணக்கிலேயே சேர்க்கப்படாத அதே பெண்கள்.