கொட்டகைக்குத்தான் வயது அதிகம்

டூரிங் டாக்கீஸில் படம் பார்த்த யாரைக் கேட்டாலும் மூன்று விஷயங்களைத் தவறாமல் சொல்வார்கள்: மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்தது, முறுக்கு, நாலு இடைவேளை. டவுன் தியேட்டரில் ஒரே இடைவேளையோடு ஓடிய படத்துக்குக் கீற்றுக் கொட்டகையில் மட்டும் ஏன் நாலு? இந்தச் சின்னக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனவன், தமிழ்நாட்டுக்கு சினிமா வந்த கதைக்குள் போய் மாட்டிக்கொண்டேன்.

முதலில் பார்த்தது, கோபிசெட்டிபாளையம் பக்கம் இருக்கும் ஒரு முன்னாள் ஆபரேட்டரை. கேள்வியைக் கேட்டதும் சிரித்தார். "ஒரே மிசினுங்க, வேற என்ன? டவுனுல ரெண்டு மிசின் இருக்கும். ஒண்ணுல முடியறப்பவே இன்னொண்ண ஓட்டி விட்ருவாங்க. நம்முளுக்கு ரீலு மாத்தோணும்னா லைட்டப் போட்டுத்தானுங்க ஆகோணும்."

கணக்கும் சரியாகவே வருகிறது. ஆயிரம் அடி ரீல் ஒன்று பதினோரு நிமிடம் ஓடும். மூன்று மணி நேரப் படம் என்றால் பதினாறு ரீல். பல ரீல்களை ஒட்டிப் பெரிய ஸ்பூலில் சுற்றினாலும், ஒற்றை மிஷினில் படம் முழுவதையும் ஒரே மூச்சில் ஓட்ட முடியாது.

பெட்டியிலிருந்து ஒரு துண்டு கார்பனை எடுத்துக் காட்டினார். பென்சில் பருமன், மேலே செம்புப் பூச்சு. இப்படி இரண்டு குச்சிகளை நுனிக்கு நுனி சற்று இடைவெளி விட்டு நிறுத்தி மின்சாரம் பாய்ச்சினால், நடுவில் எரியும் வெளிச்சம்தான் திரையில் படமாக விழும். குச்சிகள் கரையக் கரைய இடைவெளி அதிகமாகும். கறுப்புக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே திருகைத் திருப்பி, குச்சிகளை நெருக்கிக்கொண்டே இருக்க வேண்டும். "கொஞ்சம் அசந்தமுன்னா படம் மங்கிப் போயிருமுங்க. உடனே விசில் பறக்கும்" என்றார். அத்தனை வருஷம் படம் ஓட்டியவர் எந்தப் படத்தையும் நிம்மதியாகப் பார்த்ததில்லையாம்.

ஒற்றை மிஷினோடு ஊர் ஊராகப் போகும் இந்த வழக்கத்தை யார் தொடங்கினார்கள்? சினிமா வரலாற்றாசிரியர் சு. தியடோர் பாஸ்கரனின் நூல்களைப் புரட்டினால், விடை 1905ஆம் ஆண்டின் திருச்சிக்குப் போகிறது. கோவைக்காரரான சாமிக்கண்ணு வின்சென்ட் அங்கே ரயில்வேயில் வரைபடம் போடும் வேலையில் இருந்தார். படம் காட்டிக்கொண்டு அந்தப் பக்கம் வந்த டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரர் உடல்நலம் கெட்டு, ஊர் திரும்ப முடிவு செய்தார். அவருடைய புரொஜக்டரையும் படச்சுருள்களையும் ஏறத்தாழ இரண்டாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கினார் வின்சென்ட். அன்றைய ரயில்வே ஊழியர் ஒருவருக்கு அது பல வருடச் சம்பளம். வேலையை விட்டார். கூடாரத்தை எடுத்துக்கொண்டு தமிழ்நாடு, வடஇந்தியா, பர்மா, மலாயா என்று சுற்றினார். ஏசுநாதர் வாழ்க்கையைச் சொல்லும் மௌனப்படம் அவர் கையிலிருந்த முக்கியமான சரக்கு.

என் கேள்விக்கான மூலமும் இங்கேதான் கிடைத்தது. மௌனப்படக் காலத்திலும் மிஷின் ஒன்றுதான். ரீல் மாற்றும் நேரத்தில் ஜனங்கள் எழுந்து போகாமலிருக்க, திரைக்கு முன்னால் நடனமும் மல்யுத்தமும் நடந்தன. படம் ஓடும்போது பக்கத்தில் ஓர் ஆள் நின்று உரத்த குரலில் கதை சொல்வார். 1931இல் 'காளிதாஸ்' வந்து படம் பேசத் தொடங்கியதும் கதை சொன்னவருக்கு வேலை போயிற்று. நடனமும் மல்யுத்தமும் மெல்ல விடைபெற்றன. அவை நடந்த இடைவேளையில் முறுக்குக்காரர் கூடையோடு நுழைந்தார்.

அடுத்து கோவை போனேன். வின்சென்ட் 1914இல் கட்டிய வெரைட்டி ஹால் தியேட்டர் பிற்காலத்தில் 'டிலைட்' என்று பெயர் மாறியது. தெருவுக்கு மட்டும் இன்றும் வெரைட்டி ஹால் ரோடு என்றே பெயர். அந்தக் கடைத்தெருவில் நடக்கும்போதுதான் வருடங்களின் வரிசை உறைத்தது. ஒன்பது வருடம் கூடாரத்தில் படம் காட்டிய பிறகே அவர் சுவர் எழுப்பியிருக்கிறார். சென்னையில் ரகுபதி வெங்கையாவின் கதையும் இதேதான். புகைப்படக்காரரான அவர், மிஷினைத் தருவித்து ஊர் ஊராகக் காட்டிய பிறகுதான் கெயிட்டி தியேட்டரைக் கட்டினார், அதுவும் 1914இல். மவுண்ட் ரோட்டில் வெள்ளைக்காரர் நடத்திய எலெக்ட்ரிக் தியேட்டர் அதற்கு முன்பே இருந்தது உண்மை. அந்தக் கட்டடம் இப்போது தபால் நிலைய வளாகத்துக்குள் இருக்கிறது. ஆனால் நம் ஆட்கள் கட்டிய முதல் தியேட்டர்களைக் கட்டியவர்கள் அலைந்து திரிந்து படம் காட்டியவர்களே.

டவுன் தியேட்டரைப் பார்த்துக் கிராமத்தான் போட்டுக்கொண்ட மலிவு நகல்தான் டூரிங் டாக்கீஸ் என்று நாமே ஒரு நினைப்பை வளர்த்து வைத்திருக்கிறோம். மூத்தது கொட்டகைதான். வருமானம் நிலைத்த இடத்தில் அது தியேட்டர் ஆயிற்று. நிலைக்காத இடத்தில், லைசென்ஸ் காலம் முடிந்ததும் கம்பத்தைப் பிடுங்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போயிற்று.

தியேட்டர் வரலாறு எழுதும்போது நகரத்துக் கட்டடங்களைப் பட்டியலிட்டு முடித்துக்கொள்கிறோம். கொட்டகைகளுக்குக் கட்டடம் இல்லாததால் அந்தப் பட்டியலில் அவற்றுக்கு இடமில்லை. உங்கள் ஊரில் டூரிங் டாக்கீஸ் இருந்ததா? அதன் பெயர், நின்ற இடம், எந்த வருடம் வந்து எப்போது போனது, மிஷின் ஓட்டியவர் யார் என்பதையெல்லாம் எழுதி வையுங்கள். பழைய நோட்டீஸோ டிக்கெட்டோ லைசென்ஸ் தாளோ வீட்டில் கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். கார்பன் வெளிச்சத்தில் படம் ஓட்டியவர்கள் எழுபது, எண்பதைத் தாண்டிவிட்டார்கள். இப்போதே போய்க் கேளுங்கள்.