படகே வீடானால்



மேலப்பாளையத்தில் என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் தற்போது அமெரிக்காவின் கிழக்குக் கரையில், செசபீக் விரிகுடாவை ஒட்டிய ஓர் ஊரில் பணிபுரிகிறார். சென்ற ஐப்பசியில் அவர் தொலைபேசியில் ஒரு மஸ்அலா கேட்டார். அவ்வூர்ப் படகுத்துறையில், பணி ஓய்வு பெற்ற கணவனும் மனைவியும் ஒரு பாய்மரப் படகிலேயே குடித்தனம் நடத்துகின்றனராம். கரையிலிருந்த வீட்டை விற்றுவிட்டார்கள். சமையலும் உறக்கமும் படகில்தான். கோடையில் வடக்கே செல்வார்கள். குளிர் கடுமையாகுமுன் தெற்கே இறங்கிவிடுவார்கள். இடைப்பட்ட இலையுதிர் காலத்தில் சில வாரங்கள், மகள் வாழும் அந்த ஊரில் படகைக் கட்டிவிட்டுப் பேரப்பிள்ளைகளோடு இருப்பார்கள்.

"உஸ்தாத், இவர்கள் முஸ்லிம்களாக இருந்தால் கஸ்ரு செய்வார்களா, முழுமையாகத் தொழுவார்களா?" என்று கேட்டார். நான் விடை சொல்லத் தொடங்குமுன் இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டார்: "மகளுக்கு வீடு இருக்கும்போது பெற்றோர் படகில் கிடப்பது அந்த மகளுக்குக் குற்றமாகாதா?"

முதல் கேள்விக்குக் கிதாபில் நேரடியாகவே விடை உண்டு. ஷாஃபிஈ மத்ஹபில் இரண்டு மர்ஹலா, அதாவது இக்கால அளவில் ஏறத்தாழ 80 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணத்தில், நான்கு ரக்அத் தொழுகையை இரண்டாகச் சுருக்கலாம். போய்ச்சேரும் நாளையும் புறப்படும் நாளையும் நீக்கி, முழுமையாக நான்கு நாட்கள் தங்கும் நிய்யத்தோடு ஓர் ஊருக்குச் சென்றால், அவ்வூரை அடைந்ததும் அந்தச் சலுகை முடிந்துவிடும். ஹனஃபி மத்ஹபில் இந்த அளவு 15 நாட்கள்.

குடும்பத்தோடு மரக்கலத்திலேயே வாழும் மாலுமியைப் பற்றியும் இமாம்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பேசியிருக்கின்றனர். கரையில் வேறு வீடின்றி, மனைவி மக்களோடு கலத்திலேயே இருப்பவர் கஸ்ரு செய்யலாகாது என்பது இமாம் அஹ்மத் (ரஹ்) அவர்களின் கருத்து. அவருக்குக் கலமே வீடு. வீட்டில் இருப்பவர் பயணி அல்லர். நம் மத்ஹபிலோ அவர் பயணியே, சுருக்கித் தொழலாம். எனினும் அவர் முழுமையாகத் தொழுவதே சிறந்தது என்று இமாம் நவவீ (ரஹ்) எழுதுகிறார்கள். கலம் அவருக்குக் குடியிருப்பு என்பதும், இமாம் அஹ்மதின் கருத்துக்கு மதிப்பளிப்பதும் அதற்குக் காரணங்கள். ஆக, அந்தத் தம்பதியர் மகளுடைய ஊரில் வாரக்கணக்கில் தங்கும் எண்ணத்தோடு படகைக் கட்டினால், நம் மத்ஹபின்படி அங்கே அவர்கள் ஊரார்; முழுமையாகத் தொழ வேண்டும். வல்லாஹு அஃலம்.

இந்தச் சட்டங்களை ஓதிக்கொடுக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு உண்டு. நம் முன்னோர் கடலை எவ்வளவு நெருக்கமாக அறிந்து எழுதியிருக்கிறார்கள்! காற்று இல்லாமல் கடலில் தடைபட்டு, இன்று புறப்படுவோம், நாளை புறப்படுவோம் என்று காத்திருப்பவருக்கு 18 நாட்கள் வரை கஸ்ரு அனுமதி உண்டு. நின்று தொழுதால் தலை சுற்றும் என்றால் உட்கார்ந்து தொழலாம். கலம் திரும்பினால் தொழுபவர் கிப்லாவை நோக்கித் திரும்பிக்கொள்ள வேண்டும். 'கடலில் செல்கிறோம், கையில் நன்னீர் குறைவு. அதில் உளூச் செய்தால் தாகத்தில் வாடுவோம்' என்று முறையிட்டவர்களுக்குக் கடல்நீர் தூய்மையானது என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் விடையளித்த ஹதீஸை நாம் எல்லோரும் ஓதியிருக்கிறோம். கஷ்மீரின் தால் ஏரியில் டூங்கா என்னும் படகிலேயே பிறந்து வளர்ந்த ஹாஞ்சி முஸ்லிம்களும், மலேசியாவின் சபா, பிலிப்பைன்ஸின் சூலு கடல்களில் படகையே வீடாகக் கொண்டிருந்த பஜாவு மக்களும் இந்தச் சட்டங்களோடுதான் வாழ்ந்திருப்பார்கள்.

இரண்டாவது கேள்விக்கு அவரிடம் உடனே விடை சொல்லவில்லை. காயல்பட்டினத்தில் இருக்கும் என் மாமாவையும் மாமியையும் பற்றிச் சொன்னேன்.

மாமா தூத்துக்குடித் தோணியில் கலாசியாகச் சேர்ந்து, தண்டலாக உயர்ந்து ஓய்வு பெற்றவர். தென்மேற்குப் பருவக்காற்று வலுக்கும் மாதங்களில் தோணிகள் துறைமுகத்திலேயே கிடக்கும். செப்டம்பரில்தான் மீண்டும் கடலேறும். கொழும்புக்கும் மாலேக்கும் சரக்கு கொண்டுபோய் இறக்கி, அடுத்த மே மாதம் வரை இப்படியே போய்வந்துகொண்டிருப்பார்கள். ஊரில் மழைக்காலம் தொடங்கும்போது மாமா ஊரில் இருந்ததே இல்லை. ஐப்பசி, கார்த்திகை என்றால் மாமிக்கு அது தனித்திருக்கும் காலம். பிள்ளைகளில் இருவர் பிறந்தபோதும் அவர் கடலில்தான் இருந்தார்.

வெளியூர் வாசகர்களுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். காயல்பட்டினத்தில் திருமணத்துக்குப் பின் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குச் சென்று வாழ்வார். வீடு பெண்மக்களுக்கு உரியது. தாயின் வீடு மகளுக்கு, அவளுக்குப் பின் அவள் மகளுக்கு என்று போகும். பெண்கள் வீடுவிட்டு வீடு செல்ல, வீடுகளுக்கிடையே 'முடுக்கு' என்னும் ஒடுக்கமான வழிகள் இருக்கும். தாயும் மகளும் பிரியாதிருக்க இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை என்பது என் எண்ணம். ஆனால் அதில் ஓர் இடுக்கும் உண்டு. பேத்திக்குத் திருமணம் என்றால் அதே வீட்டுக்கு இன்னொரு மாப்பிள்ளை வருவார். அவருக்கு ஓர் அறை வேண்டும். வீடு நீளாது, மனிதர்கள்தாம் நகர வேண்டும்.

2022இல் பேத்திக்கு நிச்சயம் ஆனபோது மாமாவும் மாமியும் தாங்களே ஒரு முடிவெடுத்தார்கள். இரண்டு தெரு தள்ளி, நான்கு படி ஏறும் திண்ணையோடு கூடிய ஒரு சிறிய ஓட்டு வீட்டை வாடகைக்குப் பிடித்துக் குடிபோனார்கள். மகள் அழுதாள். மருமகன் வந்து, மாடியில் இரண்டு அறை எடுத்துத் தருகிறேன் என்று மன்றாடினார். சொந்தபந்தங்கள் பேச வேண்டியதைப் பேசினார்கள். வீட்டை மகளுக்கு எழுதிக் கொடுத்தவர்கள் வாடகை வீட்டில் இருக்கிறார்கள் என்றால் ஊர் சும்மா இருக்குமா?

நான் மாமியைக் காணச் சென்றேன். (மேலப்பாளையத்திலிருந்து காயல்பட்டினம் ஐம்பது கிலோமீட்டர் அளவுதான், இந்தப் பயணத்தில் கஸ்ரு கிடையாது என்பதை மாமா ஒவ்வொரு முறையும் எனக்கு நினைவூட்டுவார்.) "உம்மை யாரும் மனம் நோகச் செய்தார்களா?" என்று கேட்டேன். மாமி சிரித்தார்.

"இல்ல வாப்பா. கல்யாணம் முடிச்சு நாப்பத்து மூணு வருசம். உம்மா வீட்டுல உம்மாவோட இருந்தேன். பொறகு மக்களோட இருந்தேன். உங்க மாமா கடல்ல இருந்தாங்க. நாங்க ரெண்டு பேரும் மட்டும் ஒரு வீட்டுல ஒரு நாள் இருந்ததில்ல."

இதற்கு மேல் நான் எதையும் கேட்கவில்லை.

அந்த வீட்டுக்குள் நுழைந்தால் தோணிக்குள் நுழைந்ததுபோல இருக்கும். எல்லாவற்றுக்கும் ஓர் இடம், ஒரு கொக்கி, ஒரு கயிறு. குடத்துத் தண்ணீரை மாமா இன்றும் குவளைக் கணக்கில்தான் எடுப்பார். தினமும் அஸருக்குப் பின் இருவரும் மகள் வீட்டுக்கு நடந்து போவார்கள். இஷாவுக்குப் பின் மகள் கொடுத்தனுப்பும் தூக்குச்சட்டியோடு திரும்புவார்கள். இந்த வீட்டின் இன்னொரு சாவி மகளிடம் இருக்கிறது.

'முதுமையில் தனியே விடுவது மார்க்கத்துக்கு மாறானது அல்லவா?' என்று என்னிடம் கேட்டவர்கள் பலர். அவர்கள் சுட்டுவது சூரா பனீ இஸ்ராயீலின் 23ஆவது வசனம். பெற்றோரிடம் 'சீ' என்ற சொல்லையும் சொல்லலாகாது என்று கட்டளையிடும் அவ்வசனத்தில், அவர்கள் முதுமையை அடையும் இடத்தைக் குறிக்க 'இன்தக' என்னும் சொல் வருகிறது. உன்னிடத்தில், உன் அருகில் என்பது பொருள். உன் வீட்டில், உன் அரவணைப்பில் என்று விரித்துரைத்த தஃப்ஸீர்களும் உண்டு. இவற்றுள் அரவணைப்பே மூலம் என்று நான் விளங்குகிறேன். ஒரே கூரையின் கீழ் வைத்துக்கொண்டு, மாதக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசாத பிள்ளைகளை எல்லா மஹல்லாக்களிலும் காண்கிறோம். அவர்களுக்குக் கூரை கணக்கில் வருமா?

தனக்கென ஒரு கதவு வேண்டும் என்று விரும்புவதும் மார்க்கத்துக்குப் புதிதன்று. கணவனின் உறவினரோடு கலந்திருக்க விரும்பாத மனைவிக்குப் பூட்டிக்கொள்ளத்தக்க தனியறையாவது உரிமை என்று ஹனஃபி கிதாபுகள் பூட்டைச் சொல்லியே எழுதுகின்றன. நபி (ஸல்) அவர்களின் அருமை மகளார் ஃபாத்திமா (ரலி) அவர்கள் திருமணத்துக்குப் பின் சற்றுத் தொலைவில் குடியிருந்தார்கள். மகள் தம் அருகே இருக்க வேண்டும் என்று நபியவர்கள் விரும்பினார்கள். ஹாரிஸா இப்னு நுஃமான் (ரலி) ஏற்கெனவே பலமுறை தம் வீடுகளை நபியவர்களுக்காக விட்டுக்கொடுத்தவர். அவரிடம் மீண்டும் கேட்க நபியவர்கள் நாணினார்கள். செய்தி அறிந்த ஹாரிஸா தாமே வந்து ஒரு வீட்டை ஒழித்துக் கொடுத்தார் என்று இப்னு ஸஅத் பதிவு செய்கிறார். அந்தத் தந்தை விரும்பியது மகளின் அருகாமையை. மகளுக்கோ அப்போதும் தனி வீடு இருந்தது.

ஆனால் இதைப் படித்துவிட்டு யாரும் தம் வாப்பா உம்மாவுக்கு வாடகை வீடு தேடக் கிளம்பிவிட வேண்டாம். தாமாகச் செல்வது வேறு, செல்லும்படி ஆக்கப்படுவது வேறு. 'நாங்கள் போகிறோம்' என்று அவர்கள் சொன்னால் ஏன் சொல்கிறார்கள் என்று உட்கார்ந்து கேட்க வேண்டும். ஒரு முறை கேட்டால் போதாது. எங்கே இருந்தாலும், வசதியற்ற பெற்றோரின் செலவு வசதியுள்ள பிள்ளைகள் மீது கடமை. வீட்டை எழுதிக் கொடுப்போருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு நமக்குப் பயன்படக்கூடியது. பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தைக் கொடுத்து, பெற்றவர் பராமரிக்கத் தவறினால், அந்தப் பத்திரத்தைச் செல்லாததாக அறிவிக்கக் கோரலாம். அந்த நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதிவைப்பது மகளை ஐயப்படுவது ஆகாது. கடன் கொடுத்தால் எழுதிக்கொள்ளச் சொல்லும் மார்க்கம் அல்லவா நம்முடையது?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம் பகுதியில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. தாமிரபரணி இருகரையும் புரண்டது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில், நூற்றுக்கணக்கான பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோயிற்று. மேலப்பாளையத்தில் இருந்த எங்களுக்கு இரண்டு நாட்கள் ஊரிலிருந்து ஒரு செய்தியும் இல்லை. 'கிழவனும் கிழவியும் தனியாக இருக்கிறார்களே' என்று என் உம்மா தஸ்பீஹும் கையுமாக உட்கார்ந்திருந்தார்.

நடந்ததைப் பிறகுதான் அறிந்தோம். காற்றின் போக்கைப் பார்த்த மாமா, பிற்பகலிலேயே குடங்களை நிரப்பி, பெட்டிகளைப் பரண்மேல் ஏற்றிக் கட்டிவிட்டார். இரவில் மகள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் ஏறியது. மகளும் மருமகனும் பிள்ளைகளும் புது மாப்பிள்ளையுமாக இருட்டில் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, நான்கு படி ஏறும் அந்த ஓட்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். பதினொரு பேர், இரண்டு அறைகள், இரண்டு இரவுகள். குடிநீரைக் குவளையால் அளந்து கொடுத்தது மாமா. கஞ்சி காய்ச்சியது மாமி. தண்ணீர் வடிந்த மறுநாள் காலை, "போய் வீட்டைக் கழுவுங்கள்" என்று எல்லோரையும் அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்களாம்.

அதன்பின் ஊர்ப்பேச்சு நின்றதா என்றால், இல்லை. இப்போதும் கல்யாண வீடுகளில் அதே கேள்வி வருகிறது. மகளுக்கும் மனம் முழுதாக ஆறவில்லை. மாமாவுக்கு மூட்டுவலி கூடியிருக்கிறது. படிகள் நான்குதான் என்றாலும் ஏற நேரமாகிறது.

சென்ற மாதம் போயிருந்தபோது மாமியிடம், இனிமேல் எப்படி என்று கேட்டேன். "மாமா முந்திக்கிட்டாங்கன்னா நான் மககிட்ட போயிருவேன் வாப்பா. நான் முந்திட்டேன்னா இவங்களப் பத்தித்தான் யோசன. தனியா இருந்துக்கிடுவேன்னு சொல்லுவாங்க, விட்டுராதீங்க" என்றார். மகளிடமும் இதைச் சொல்லிவைத்திருக்கிறாராம். மாமா வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து, கைப்பிடிக்காகத் தடித்த தோணிக் கயிறு ஒன்றைத் தூணிலிருந்து கீழ்ப்படி வரை இழுத்து முடிபோட்டுக்கொண்டிருந்தார்.